கோல்கொண்டா வைரமும் ஒளிவிலகலும்

நுழையும் முன்

கிண்ணத்தின் அடியில் கிடக்கும் நாணயம், நீர் ஊற்றியதும் மேலெழுந்தது போலத் தோன்றுகிறது. பாட்டியின் காதில் உள்ள வைரத்தோடு விளக்கொளியில் சுடர்விடுகிறது. இவ்விரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் செல்லும் ஒளி தன் பாதையை மாற்றிக்கொள்வதே அந்த அடிப்படை. நீங்கள் வாழும் ஐதராபாத்தின் வரலாற்றோடு இணைத்து அதனை இப்பாடத்தில் காண்போம்.

1. சுரங்கம் இல்லாத வைர நகரம்

ஐதராபாத்தில் வாழும் மாணவர்கள் கோல்கொண்டாக் கோட்டையைக் காணாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஃபதே தர்வாசா என்னும் வாயிலின் அடியில் நின்று கைதட்டினால், குன்றின் உச்சியில் உள்ள பாலா ஹிசாரில் அவ்வோசை கேட்கும். குதுப்சாகி மன்னர்களின் தலைநகராக விளங்கிய அக்கோட்டையின் பெயரை உலகறியச் செய்தவை வைரங்கள். செல்வம் கொழிக்கும் இடத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘கோல்கொண்டா’ என்னும் சொல்லையே வழங்கும் அளவுக்கு அதன் புகழ் பரவியிருந்தது.

ஆயினும், கோல்கொண்டாவில் வைரச் சுரங்கம் எதுவும் இல்லை. வைரங்கள் கிடைத்த இடங்கள் கிருஷ்ணை ஆற்றுப் படுகையில் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது கொல்லூர். அவ்விடம் இன்றைய ஆந்திரப் பிரதேச மாநில எல்லைக்குள் அமைந்துள்ளது. அங்குத் தோண்டி எடுக்கப்பட்ட கற்கள் விற்பனைக்காகக் கோல்கொண்டாவுக்கு வந்தன. ழான் பத்தீஸ்த் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் 17ஆம் நூற்றாண்டில் இப்பகுதிக்கு வந்து சுரங்கங்களை நேரில் கண்டார். 1676இல் வெளியான தம் பயண நூலில், கொல்லூரில் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்ததாக அவர் எழுதியுள்ளார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசில் நாட்டில் வைரம் கிடைக்கும் வரை, உலகின் வைரத் தேவையைப் பெரும்பாலும் இந்தியாவே நிறைவு செய்தது.

தோண்டி எடுத்த வைரக்கல்லைக் கண்டால் நீங்கள் ஏமாற்றம் அடையக்கூடும். அது மங்கலான கூழாங்கல் போலவே இருக்கும். கடைத்தெருவில் விற்கும் கண்ணாடிக்கல் அதைவிட அழகாக மின்னும். பட்டை தீட்டிய பின்னரே வைரம் ஒளிர்கிறது. பட்டை தீட்டுவதால் கல்லுக்குள் புதிதாக எதுவும் சேர்வதில்லை. மாறாக, அதன் ஒரு பகுதி தேய்ந்து தூளாகப் போய்விடுகிறது. அவ்வாறாயின் அந்த ஒளி எங்கிருந்து வருகிறது? இவ்வினாவிற்கு விடை காண, முதலில் சமையலறைக்குச் செல்வோம்.

2. மேலெழும் நாணயம்

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் நாணயம் ஒன்றை வையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நாணயத்தை மறைக்கும் வரை மெல்லப் பின்னோக்கி நகருங்கள். நாணயம் கண்ணிலிருந்து மறைந்தவுடன் அவ்விடத்திலேயே நில்லுங்கள். இப்போது நண்பர் ஒருவரைக் கிண்ணத்தில் நீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர்மட்டம் உயர உயர, மறைந்திருந்த நாணயம் மீண்டும் கண்ணுக்குத் தெரியும்.

நாணயம் நகரவில்லை; நீங்களும் நகரவில்லை. நகர்ந்தது ஒளியின் பாதை. நாணயத்திலிருந்து புறப்பட்ட ஒளிக்கதிர் நீரைக் கடந்து காற்றுக்குள் நுழையும்போது திசை மாறி உங்கள் கண்ணை அடைந்தது. நம் கண்ணோ ஒளி எப்போதும் நேர்க்கோட்டில் வருவதாகவே கொள்கிறது. ஆதலால், கதிர் வந்த திசையிலேயே பின்னோக்கிச் சென்று, நாணயம் சற்று மேலே இருப்பதாக முடிவு செய்கிறது. நேர்மேலிருந்து பார்க்கும்போது, 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர் 6 சென்டிமீட்டர் ஆழம் உள்ளதாகத் தோன்றும். குளமோ கிணறோ, தெளிந்த நீர் நம் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமானது. நீச்சல் அறியாதவர்கள் தெளிந்த நீரைக் கண்டு ஆழம் குறைவென எண்ணி இறங்குதல் ஆபத்தானது.

இவ்வாறு ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்திற்குச் சாய்வாகச் செல்லும் ஒளி, எல்லைப் பரப்பில் தன் திசையை மாற்றிக்கொள்வதற்கு ஒளிவிலகல் என்று பெயர்.

3. ஒளி ஏன் திரும்புகிறது?

ஒளி திரும்புவதற்குக் காரணம் அதன் வேகம் மாறுவதாகும். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. நீரிலும் கண்ணாடியிலும் அதன் வேகம் குறைகிறது.

வேகம் குறைந்தால் திசை ஏன் மாற வேண்டும்? குடியரசு நாள் அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள். பத்து மாணவர்கள் கைகோத்து ஒரே வரிசையாகச் சிமெண்டுத் தரையில் நடக்கிறார்கள். எதிரே மணல்பரப்பு இருக்கிறது. வரிசை மணலை நோக்கிச் சாய்வாகச் செல்வதால், ஓரத்தில் உள்ள மாணவர் மற்றவர்களுக்கு முன்னரே மணலில் கால் வைக்கிறார். மணலில் அவரது நடை தளர்கிறது. தரையில் உள்ள மற்றவர்களோ பழைய வேகத்திலேயே நடக்கிறார்கள். ஆகவே, வரிசை முழுவதும் மணலில் இறங்குவதற்குள் அது ஒருபுறமாகத் திரும்பிவிடுகிறது. வரிசை மணலை நேராக எதிர்கொண்டிருந்தால், பத்துப் பேரின் நடையும் ஒரே நேரத்தில் தளர்ந்திருக்கும், திசை மாறியிருக்காது. ஒளியும் அவ்வாறே எல்லைப் பரப்பில் செங்குத்தாக விழும்போது திரும்புவதில்லை; சாய்வாக விழும்போது மட்டுமே திரும்புகிறது.

ஒளி எல்லைப் பரப்பைத் தொடும் புள்ளியில், அப்பரப்புக்குச் செங்குத்தாக வரையப்படும் கோட்டைச் செங்குத்துக்கோடு என்கிறோம். வேகம் குறையும் ஊடகத்திற்குள் நுழையும் ஒளி, செங்குத்துக்கோட்டை நோக்கித் திரும்பும். வேகம் மிகும் ஊடகத்திற்குள் நுழையும் ஒளி, செங்குத்துக்கோட்டை விட்டு விலகிச் செல்லும். பாக்தாதில் வாழ்ந்த இப்னு சால் என்னும் கணித அறிஞர் 984ஆம் ஆண்டளவில் இந்த விலகலின் அளவை வடிவியல் முறையில் கண்டறிந்தார். 1621இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்நெல், படுகோணத்தின் சைன் மதிப்புக்கும் விலகு கோணத்தின் சைன் மதிப்புக்கும் உள்ள விகிதம், குறிப்பிட்ட இரண்டு ஊடகங்களுக்கு எப்போதும் மாறாதது எனக் கண்டார். அவ்விதி இன்று ஸ்நெல் விதி எனப்படுகிறது.

வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை, ஓர் ஊடகத்தில் அதன் வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் அவ்வூடகத்தின் ஒளிவிலகல் எண் ஆகும்.

நீர்: ஒளிவிலகல் எண் 1.33, ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர்.
சாதாரணக் கண்ணாடி: ஒளிவிலகல் எண் 1.5, வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்.
வைரம்: ஒளிவிலகல் எண் 2.42, வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,24,000 கிலோமீட்டர்.

ஒளிவிலகல் எண் மிகுந்த ஊடகத்தை அடர்மிகு ஊடகம் என்றும், குறைந்ததை அடர்குறை ஊடகம் என்றும் கூறுவர். இங்கு அடர்வு என்பது எடையைக் குறிக்காது. நல்லெண்ணெய் நீரைவிட இலேசானது. ஆதலால் நீரின்மேல் மிதக்கிறது. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47, அது நீரின் எண்ணைவிட மிகுதி. ஒளியைப் பொறுத்த வரையில் நல்லெண்ணெயே அடர்மிகு ஊடகம்.

வைரத்தின் எண்ணை மீண்டும் நோக்குங்கள். நாம் அன்றாடம் காணும் ஒளிபுகும் பொருள்களுள் இவ்வளவு உயர்ந்த எண் கொண்டது அரிது. வைரத்தின் பெருமை இந்த எண்ணில் அடங்கியுள்ளது.

4. வெளியேற முடியாத ஒளி

அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்திற்குச் செல்லும் ஒளி, செங்குத்துக்கோட்டை விட்டு விலகிச் செல்லும் என்று கண்டோம். படுகோணத்தை மெல்ல மெல்ல உயர்த்தினால், வெளிவரும் கதிர் மேலும் மேலும் சாய்ந்து, ஒரு நிலையில் எல்லைப் பரப்பை ஒட்டியே செல்லும். அந்நிலையில் உள்ள படுகோணம் மாறுநிலைக் கோணம் எனப்படும். படுகோணம் அதனையும் மீறினால் ஒளிக்கு வெளியேற வழியில்லை. எல்லைப் பரப்பு கண்ணாடி போலாகி, ஒளி முழுவதையும் உள்ளேயே திருப்பி அனுப்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். நாம் முகம் பார்க்கும் கண்ணாடிகூட ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். முழு அக எதிரொளிப்பில் அத்தகைய இழப்பும் இல்லை.

காற்றை நோக்கி வரும் ஒளிக்கு, நீரின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 49 பாகை. கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. வைரத்தின் மாறுநிலைக் கோணமோ ஏறத்தாழ 24 பாகை மட்டுமே. வைரத்திற்குள் நுழைந்த ஒளி, 24 பாகைக்கும் குறைவான கோணத்தில் ஒரு பரப்பை அடைந்தால்தான் வெளியேற முடியும். மற்றக் கோணங்களில் வரும் ஒளியெல்லாம் உள்ளேயே திரும்பும். வைரத்திற்குள் நுழைவது எளிது. வெளியேறுவது அரிது எனலாம்.

இப்போது பட்டை தீட்டுபவரின் வேலை விளங்கும். மேலிருந்து நுழையும் ஒளியைக் கீழ்ப்புறமாகத் தப்பவிடாமல், மீண்டும் மேற்புறமாகவே, காண்பவரின் கண்ணை நோக்கி அனுப்பும் வகையில் பரப்புகளின் கோணங்களை அமைப்பதே அவர் பணி.

5. ஒரு கதிரின் பயணம்

1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இக்கோணங்களைக் கணித முறையில் ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். அவர் வைரத் தொழில் செய்த பெல்ஜிய நாட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். வைரத்தின் அடிப்பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 40.75 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும் என்பது அவரது கணக்கு. அதன் பொருளை அறிய, ஒரே ஒரு கதிரைப் பின்தொடர்வோம். தாளும் கோணமானியும் எடுத்து நீங்களும் வரைந்து பார்க்கலாம்.

கதிர் வைரத்தின் தட்டையான மேற்பட்டை வழியே செங்குத்தாக உள்ளே நுழைகிறது. செங்குத்தாக நுழைவதால் அது திரும்பவில்லை. நேராகக் கீழிறங்கி, ஓர் அடிப்பட்டையை 40.75 பாகைப் படுகோணத்தில் அடைகிறது. அது 24 பாகையைவிட மிகுதி. ஆதலால் முழுவதும் எதிரொளிக்கப்படுகிறது. பின்னர் எதிர்ப்புறத்து அடிப்பட்டையை ஏறத்தாழ 58 பாகையில் அடைகிறது. அதுவும் 24 பாகையைவிட மிகுதி, மீண்டும் எதிரொளிக்கப்படுகிறது. இப்போது கதிர் மேல்நோக்கிச் சென்று மேற்பட்டையை ஏறத்தாழ 17 பாகையில் சந்திக்கிறது. 17 என்பது 24ஐ விடக் குறைவு. ஆகவே கதவு திறக்கிறது. கதிர் வெளியேறி நம் கண்ணை அடைகிறது.

வெளியேறும்போது அது செங்குத்துக்கோட்டை விட்டு ஏறத்தாழ 45 பாகை அளவுக்கு விலகிச் சாய்கிறது. அப்போது மற்றொரு நிகழ்ச்சியும் நடைபெறுகிறது. வெண்ணிற ஒளி பல நிறங்களின் கலவை. வைரத்தில் சிவப்பு ஒளியின் விலகல் எண் ஏறத்தாழ 2.41, ஊதா ஒளியின் விலகல் எண் ஏறத்தாழ 2.45. ஆகவே ஊதா மிகுதியாகவும் சிவப்புச் சற்றுக் குறைவாகவும் திரும்ப, நிறங்கள் தனித்தனியே பிரிகின்றன. இது நிறப்பிரிகை எனப்படும். வைரத்தை அசைக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் எனப் பொறிகள் தெறிப்பது இதனால்தான்.

இதே வடிவத்தில் சாதாரணக் கண்ணாடியைப் பட்டை தீட்டினால் என்ன ஆகும்? கதிர் அடிப்பட்டையை அதே 40.75 பாகையில் அடையும். கண்ணாடியின் மாறுநிலைக் கோணமோ ஏறத்தாழ 42 பாகை. ஆகவே ஒளியின் பெரும்பகுதி அடிப்புறம் வழியே தப்பிவிடும். சார்மினார் அருகே லாட் பஜாரில் விற்கும் அரக்கு வளையல்களைப் பாருங்கள். அவற்றில் பதிக்கப்படும் கண்ணாடிக் கற்கள் பலவற்றின் பின்புறத்தில் பளபளப்பான உலோகப் பூச்சு இருக்கும். தப்பியோடும் ஒளியைத் தடுத்துத் திருப்பும் வேலையை அப்பூச்சு செய்கிறது. நன்கு தீட்டிய வைரத்திற்கு அத்தகைய பூச்சு வேண்டியதில்லை.

6. எடையா, ஒளியா?

இந்தியக் கைவினைஞர்கள் பழங்காலத்தில் வைரத்தின் எடையைக் காப்பதையே முதன்மையாகக் கருதினர். கல்லின் இயல்பான வடிவத்தையொட்டிப் பட்டைகளை அமைத்து, இயன்ற வரையில் பெரிய கல்லாகவே வைத்திருந்தனர். பெரிய கல்லே மன்னரின் பெருமைக்குச் சான்றாக விளங்கியது. ஐரோப்பியத் தீட்டுநர்களோ, எடை குறைந்தாலும் ஒளி மிகுதல் வேண்டும் என்று எண்ணினர். இவ்விரு நோக்கங்களுக்கும் இடையே நேர்ந்த மோதலைக் கோல்கொண்டா வைரங்கள் இரண்டின் வரலாற்றில் காணலாம்.

முதல் வைரம் சென்னையோடு தொடர்புடையது. 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். கொல்லூரில் கிடைத்த, ஏறத்தாழ 410 காரட் எடையுள்ள தீட்டாத வைரத்தை அவர் விலைக்கு வாங்கி இலண்டனுக்கு அனுப்பினார். அங்குத் தீட்டி முடிக்கப்பட்டபோது எஞ்சியது ஏறத்தாழ 141 காரட். மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 1717இல் அது பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விற்கப்பட்டது. ‘ரீஜெண்ட்’ என்னும் பெயர் பெற்ற அவ்வைரம் இன்று பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாவது, கோகினூர். அதுவும் கொல்லூரில் கிடைத்தது என்றே நம்பப்படுகிறது. பல அரசுகளின் கைமாறி, இறுதியில் பஞ்சாப் அரசிடம் இருந்தது. 1849இல் ஆங்கிலேயர் பஞ்சாபைக் கைப்பற்றியபோது, பத்து வயதுச் சிறுவராய் இருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து அதனைப் பெற்றுக்கொண்டனர். 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதனைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. வந்தவர்கள் ஏமாற்றத்துடன் திரும்பினர். எரிவாயு விளக்குகளைச் சுற்றிலும் ஏற்றிப் பார்த்தும் கல் எதிர்பார்த்தபடி ஒளிரவில்லை. எடையைக் காக்கும் நோக்கில் தீட்டப்பட்ட அக்கல்லில் ஒளியின் பெரும்பகுதி கீழ்ப்புறமாகத் தப்பிக்கொண்டிருந்தது.

விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட், ஒளியியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர் முதலியோரின் கருத்தைக் கேட்டார். பின்னர் 1852இல் ஆம்ஸ்டர்டாம் நகரத் தீட்டுநர்களை இலண்டனுக்கு வரவழைத்து, நீராவி எந்திரத்தால் இயங்கும் தீட்டு சக்கரத்தில் அதனை மீண்டும் தீட்டச் செய்தார். அப்பணி 38 நாள்கள் நடைபெற்றது. ஏறத்தாழ 38 கிராம் எடையுடன் இருந்த கல் 21 கிராமாகக் குறைந்தது. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட எடை தூளாயிற்று. ஒளி மிகுந்தது, ஆனால் அதன் எடை இவ்வளவு குறைந்தது ஆல்பர்ட்டுக்கு வருத்தத்தையே தந்தது.

தேய்ந்து போனது வெறும் எடை மட்டுமன்று. பழைய இந்தியக் கைவினைஞர் அமைத்த வடிவமும் அதனுடன் மறைந்தது. ஒளியைப் பெற்றதற்காக அந்த இழப்பை ஏற்கலாமா என்பது அறிவியல் மட்டும் விடை கூறக்கூடிய வினா அன்று. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

7. பாட்டியின் தோடு

இதே அறிவியலை உங்கள் வீட்டிலும் காணலாம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டியர் ஏழுகல் வைரத்தோடு அணிவதுண்டு. நாள்தோறும் அணிந்த தோடு, சில மாதங்களில் மங்கிவிடும். கல் பழுதடைந்துவிட்டது என்று எண்ண வேண்டா. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் தோட்டின் பின்புறத்தில் படிந்திருக்கும். வைரம் எண்ணெய்ப்பசையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

கல்லின் பின்னால் காற்று இருக்கும்போது மாறுநிலைக் கோணம் 24 பாகை. எண்ணெய் படிந்தால் அக்கோணம் ஏறத்தாழ 37 பாகையாக உயர்ந்துவிடுகிறது. முன்பு உள்ளே திரும்பிய கதிர்களுள் பல இப்போது பின்புறமாக வெளியேறி எண்ணெயில் கலந்துவிடுகின்றன. தோடு மங்குகிறது. பூந்திக்கொட்டை ஊறிய நீரில் போட்டு, மெல்லிய தூரிகையால் பின்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் பழைய ஒளி மீண்டும் வரும். பாட்டி பழக்கத்தால் அறிந்திருப்பதற்கு ஒளிவிலகல் காரணம் கூறுகிறது.

8. கண்ணாடி இழையில் வரும் குரல்

வைரத்திற்குள் ஒளியை அடைத்து வைக்கும் முழு அக எதிரொளிப்பை, மிக மெல்லிய கண்ணாடி இழைக்குள்ளும் நிகழ்த்தலாம். இழையின் நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் சற்று மிகுதியாகவும், அதனைச் சூழ்ந்த உறைப்பகுதியின் எண் சற்றுக் குறைவாகவும் அமைக்கப்படும். ஒரு முனையில் நுழைந்த ஒளி உறையைத் தாண்ட முடியாமல் மீண்டும் மீண்டும் உள்ளே திரும்பி, இழை வளைந்தாலும் தானும் அதனுடன் சென்று மறுமுனையை அடைகிறது. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாரால்டு ஹாப்கின்ஸ் என்பவருடன் இணைந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பிக் காட்டினார். அவ்வாய்வு 1954இல் வெளியாயிற்று. செய்தித் தொடர்புக்கு இவ்விழைகள் பயன்படும் என்று 1966இல் எடுத்துரைத்த சார்லஸ் காவோ, அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

ஐதராபாத்திலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 630 கிலோமீட்டர். தொடர்வண்டியில் ஓர் இரவு ஆகும். அதே நீளமுள்ள கண்ணாடி இழையில், நொடிக்கு 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ மூன்று பங்கே. பாட்டியும் தாத்தாவும் அலைபேசித் திரையில் தோன்றி, “சாப்பிட்டாயா?” என்று கேட்கும்போது, அக்குரல் தன் வழியில் பெரும் பகுதியை ஒளியாகவே கடந்து வருகிறது.

இறுதியாக ஒன்று. ஊடகம் மாறும்போது ஒளியின் வேகம் மாறுகிறது, திசை மாறுகிறது. ஆனால் அதன் அதிர்வெண் மாறுவதில்லை. ஆகவேதான் செந்நிற ஒளி நீருக்குள் சென்றாலும், வைரத்துக்குள் சென்றாலும், மீண்டும் காற்றுக்கு வந்தாலும் செந்நிறமாகவே இருக்கிறது. அடுத்த முறை கோல்கொண்டாவின் உச்சியில் நின்று நகரைக் காணும்போது இதனை நினைவுகொள்ளுங்கள். அங்கு விற்கப்பட்ட கற்கள் மண்ணிலிருந்து வந்தவை. அவற்றின் சுடரோ, ஒளியின் இயல்பும் கோணம் அறிந்த கைவினைஞரின் உழைப்பும் சேர்ந்து தந்தது.

அறிந்துகொள்வோம்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் அவர் வைரங்களை ஆர்வத்துடன் சேகரித்து, அவற்றின் அமைப்பையும் ஒளிரும் தன்மையையும் ஆராய்ந்தார்.

அருஞ்சொற்பொருள்

ஊடகம் – ஒளி கடந்து செல்லும் பொருள்
ஒளிவிலகல் – ஊடகம் மாறும்போது ஒளி திசை மாறுதல்
படுகோணம் – எல்லைப் பரப்பில் விழும் கதிர் செங்குத்துக்கோட்டுடன் உண்டாக்கும் கோணம்
விலகு கோணம் – திசை மாறிய கதிர் செங்குத்துக்கோட்டுடன் உண்டாக்கும் கோணம்
நிறப்பிரிகை – வெண்ணிற ஒளி பல நிறங்களாகப் பிரிதல்
காரட் – வைரத்தை நிறுக்கும் அளவு. இன்றைய வழக்கில் 200 மில்லிகிராம்
படுகை – ஆறு பாய்ந்து வளப்படுத்தும் நிலப்பகுதி

பயிற்சி

அ. ஓரிரு சொற்றொடர்களில் விடை எழுதுக.
1. கோல்கொண்டா வைரங்கள் உண்மையில் எங்குக் கிடைத்தன?
2. எல்லைப் பரப்பில் செங்குத்தாக விழும் ஒளி ஏன் திரும்புவதில்லை?
3. நல்லெண்ணெய், நீர் ஆகிய இரண்டில் ஒளியைப் பொறுத்த வரையில் அடர்மிகு ஊடகம் எது?

ஆ. ஐந்து சொற்றொடர்களில் விடை எழுதுக.
1. எண்ணெய் படிந்த வைரத்தோடு மங்குவது ஏன்?
2. கண்ணாடிக் கற்களின் பின்புறத்தில் உலோகப் பூச்சு இடப்படுவது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
கோகினூர் வைரத்தை மீண்டும் தீட்டியது சரியா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
எண்ணெய் (எள் + நெய்), பேரொளி, செந்நிறம், வெண்ணிறம், இவ்விரண்டு

உ. செய்து பார்க்க.
ஆசிரியரின் துணையுடன், ஆய்வகத்தில் பயன்படுத்தும் போரோசிலிகேட் கண்ணாடிச் சோதனைக்குழாயை நல்லெண்ணெயால் நிரப்பி, நல்லெண்ணெய் உள்ள கண்ணாடிக் குவளைக்குள் இறக்குக. அக்குழாய் கண்ணுக்கு ஏறத்தாழ மறைந்துவிடும். அக்கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.47 என்பதை நினைவிற்கொண்டு, மறைவதற்கான காரணத்தை எழுதுக.

ஊ. கடிதம் எழுதுக.
ஊரில் உள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ, வைரத்தோடு ஒளிர்வதன் காரணத்தை எளிய தமிழில் விளக்கி ஒரு கடிதம் எழுதுக.